வெளிப்பக்கத்து நாலு ஓட்டை

உள்ளறைக் கதவின் பழைய பெயிண்ட்டைச் சுரண்ட ஆரம்பித்து மூன்று நாளாயிற்று. மேலே சந்தன நிறம், அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் பச்சை. ஆசாரி பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இத்தனை சட்டையைப் போட்டுக்கிட்டு எப்படித்தான் மூச்சு விட்டுச்சோ!"

"பச்சை நான் அடிச்சது. பன்னிரண்டு வயசு. லீவுக்குச் சித்தி வீட்டுக்குப் போயிட்டு வந்ததும் அப்பா பிரஷ்ஷைக் கையில குடுத்தாரு," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அந்த லீவைப் பற்றித்தான் எனக்கும் அக்காவுக்கும் சண்டை. பரீட்சை எழுதப் போகக்கூடாதென்று அப்பா தன்னைப் பத்து நாள் இந்த அறைக்குள் வைத்து வெளியே பூட்டினார் என்பாள். அப்பா செத்த அன்றைக்கே, நாலு பேர் முன்னால் அதைச் சொன்னாள். "வெளிப்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது, கதை விடாதே!" என்று கத்தினேன். செருப்பை மாட்டிக்கொண்டு போனவள்தான். ஆறு வருடமாக வாசற்படி மிதிக்கவில்லை. வீம்பில் நான் மட்டும் சளைத்தவனா? ஒரு போன் கூடப் பண்ணவில்லை.

பெயிண்ட் ரிமூவரைப் பூசி, ஊறவிட்டு, பச்சையை வழித்தேன். கதவின் வெளிப்பக்கம், கை எட்டும் உயரத்தில், மரத்தின் நிறத்தோடு சேராமல் நாலு வெள்ளைப் பொட்டு. ஆசாரி உளிமுனையால் ஒன்றைக் குத்தினார். அடைத்திருந்த மக்குப் பசை உதிர்ந்து ஓட்டை தெரிந்தது.

"கொண்டி இருந்திருக்கு. நிலையிலயும் பாருங்க, ரெண்டு ஓட்டை. வெளியேருந்து பூட்டியிருக்காங்க. உள்ள என்ன, தங்கமா வெச்சிருந்தாங்க?"

கையைக்கூடத் துடைக்காமல் போனை எடுத்தேன்.

"அக்கா, நான்தான். உள்ளறைக் கதவுல பெயிண்ட்டைச் சுரண்டுறேன். வெளியே கொண்டி இருந்திருக்குக்கா. நீ சொன்னது உண்மை. நான் ஒரு மடையன். மன்னிச்சுடு."



"ஓட்டையை அடைச்சது யாருன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

"அப்பாதானே?"

"அப்பா கொண்டியைக் கழட்டினதோட சரி. அடைச்சது நீதான்டா. ஒவ்வொண்ணா மக்கை வெச்சு அமுக்கிட்டு, 'அக்கா, இங்க ஓட்டை இருந்ததே தெரியல பாரு'ன்னு என்னையே கூப்பிட்டுக் காட்டினே."

ஆசாரி அதற்குள் மக்கு டப்பாவைத் திறந்து, கரண்டியோடு கதவருகே போய்விட்டார்.

"அடைச்சிடட்டுங்களா?"

"யாருடா அது?" என்றாள் அக்கா.

"ஆசாரி, அக்கா."

"அப்படியே விடச் சொல்லு. ஞாயித்துக்கிழமை வர்றேன்."