ஓரடி தூக்கி இறக்கு

என் கல்யாணத்தை என் மச்சான் இருபத்தேழு வருஷமாக மன்னிக்கவில்லை. மாப்பிள்ளை பிடிக்காமல் இல்லை, தேதிதான் பிடிக்கவில்லை. அவர் உயிராக நினைக்கும் கால்பந்து அணி கோப்பையின் இறுதிப் போட்டி வரை வந்தது போன வருஷம் வரை ஒரே தடவைதான். அன்றைக்குத்தான் நான் அவர் தங்கைக்குத் தாலி கட்டினேன். மேடையில் என் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் யாரிடமோ ஸ்கோர் கேட்டது போட்டோவிலேயே தெரியும்.

இந்த வருஷம் அந்த அணி மறுபடி இறுதிக்கு வந்தது. போகாவிட்டால் இன்னொரு இருபத்தேழு வருஷம் அவர் புலம்பலை நான்தான் கேட்டாக வேண்டும். முதல் ஆளாக நாலு டிக்கெட் வாங்கினேன்.

நாங்கள் நாலு பேர் தெருவிளக்கு மாற்றுகிறவர்கள். மச்சான் மேஸ்திரி, நான் வண்டி ஓட்டி லீவர் பிடிப்பவன், அப்புறம் ஒயர்மேன், ஸ்டோர்காரர். ஆளை மேலே ஏற்றும் கூண்டு வைத்த வண்டி. அதில் மச்சானுக்கு ஒரு சட்டம் உண்டு. கூண்டை ஓரடி தூக்கி, நிறுத்தி, தரையில் இறக்கிப் பார்த்த பிறகுதான் மேலே ஏற்ற வேண்டும். ஒரு பல்புக்கும் அவர் இதை விட்டதில்லை.

பயணத்துக்கும் விடவில்லை. போட்டிக்கு முந்தின சனிக்கிழமையே டிரையல் என்று நாலு மணி நேரம் அதே வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். காலியாகக் கிடந்த மைதானத்தின் வாசலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பூட்டிய கேட்டைப் பார்த்துத் தொண்ணூறு நிமிஷம் கத்தினோம். இடைவேளையும் விட்டோம். தோற்றால் எப்படி இருப்பது என்பதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்கினார். ஸ்டோர்காரரின் சோகம் போதவில்லை என்று அவரை மட்டும் திரும்பச் செய்யவைத்தார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

கிளம்பும்போது, காவலாளி டிக்கெட் பார்க்கும் புது மெஷினைச் சோதித்துக்கொண்டிருந்தார். மச்சான் விடுவாரா? எங்கள் நாலு டிக்கெட்டையும் நீட்டினார். நாலுக்கும் பச்சை விளக்கு எரிந்தது. நாங்கள் கைதட்டினோம், காவலாளியும் தட்டினார்.

போட்டி அன்று நாலுக்கும் சிவப்பு எரிந்தது.

"நீங்க நாலு பேரும் போன சனிக்கிழமையே உள்ள போயிட்டீங்க," என்றார் அதே காவலாளி. "இன்னும் வெளிய வரலைன்னு காட்டுது."

உள்ளே இருக்கிற எங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று ஒயர்மேன் கடுப்பில் சொல்லிவைத்தார். காவலாளி நிஜமாகவே வாக்கிடாக்கியில் கேட்டார். சீட்டில் ஆள் இல்லை, பாத்ரூம் போயிருப்பார்கள், காத்திருங்கள் என்று பதில் வந்தது. காத்திருந்தோம். உள்ளே இருந்த நாங்கள் வரவே இல்லை. மச்சான் சண்டை போடவில்லை. "டிரையல்ல சரியாத்தானே வந்துச்சு," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. ஆட்டம் முடியப் பத்து நிமிஷம்கூட இல்லை.

வண்டியை மதிலுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு விளக்குக் கம்பத்தடியில் நிறுத்தினேன். ஒயர்மேன் கையில் ஒரு பல்பை எடுத்துக்கொண்டார். பல்பு வைத்திருப்பவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மச்சானைக் கூண்டில் ஏற்றினோம்.

"மச்சான், இன்னைக்கு ஒரு நாள் டிரையல் வேண்டாம். நேரா ஏத்திடறேன்."

"இன்னைக்கு ஃபைனல்னு கூண்டுக்குத் தெரியுமா மாப்பிள்ளை?"

பல்லைக் கடித்துக்கொண்டு ஓரடி தூக்கினேன். நிறுத்தினேன். அவர் உள்ளங்கையைக் கீழே காட்டினார், இறக்கு என்று. இறக்கும்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கம் மைதானமே எழுந்து கத்தியது. அது அவருடைய அணியின் ரசிகர்கள் உட்காரும் பக்கம். அவர் முகம் மதிலுக்கு நேராக இருந்தது. காட்டிய கை அசையவில்லை. கூண்டு தரையைத் தொட்டது.

அப்புறம் கை மேலே காட்டியது. எவ்வளவு வேகமாக ஏற்ற முடியுமோ ஏற்றினேன். கீழே இருந்த எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கூண்டின் அடிக் கம்பிகளும் அவருடைய செருப்பும்தான். ஆட்டம் முடிந்த விசில் கேட்டது. செருப்பு இரண்டும் குதித்தன, வண்டி ஆடியது. கோப்பையைத் தூக்கியதை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் இறக்கச் சொன்னார்.

இறங்கியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். ஆட்டத்தில் விழுந்தது அந்த ஒரே கோல்தான்.

"கோல் விழுந்தப்ப என்னை இறக்கினது யாரு?"

"நீங்கதான் மச்சான் கை காட்டினீங்க."

அவர் கூண்டின் கதவைச் சாத்திக் கொக்கி போட்டார்.

"உன் கல்யாணத் தேதிக்கும் நான்தான் தலையாட்டினேன்," என்று சொல்லிவிட்டு, வண்டியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.