தானாய் அதிர்ந்த தந்தி

டும்!

பாட்டின் நடுவே மூவரும் சட்டென்று நிறுத்தவேண்டிய இடம் அது. ஒரு மூச்சு மௌனம். பிறகு மறுபடி இடி. அந்த மௌனத்துக்குள்தான் சத்தம் விழுந்தது.

வீரையன் டிரம்ஸ் பக்கம் திரும்பினான். "காதரு, அவசரப்பட்டு மிதிச்சிட்டியா?"

"என் காலைப் பாருடா, பெடல்லயே இல்ல," என்றான் காதர் மைதீன். "உன் ஸ்பீக்கர்தான் ஏப்பம் விடுது."

"முதல்லேருந்து!" துரைராசு கத்தினான்.

மன்னார்குடிக்கு வெளியே அவர்கள் வாசித்துப் பழகிய, ஓடாமல் கிடந்த அரிசி ஆலை துரைராசுவின் அப்பாவுடையது. நாளை தஞ்சாவூரில் இசைக்குழுப் போட்டி. லீட் கிடாரும் பாட்டும் துரைராசு. ஹெவி மெட்டலில் பேஸ் கிடார் அஸ்திவாரம் மாதிரி, வெளியே தெரியத் தேவையில்லை என்பான். வீரையனின் பேஸ் சத்தத்தை எப்போதும் அவனே குறைத்து வைப்பான். இன்று காலையில் அவனிடமிருந்து போன். "இன்னைக்கு உன் பேஸ்தான்டா முன்னால. உடனே வா." வந்ததும் ஷட்டரை இறக்கி, கூரைத் தகரம் நடுங்கும் அளவுக்குக் கூட்டி வைத்தான்.

அந்த ஆசையில்தான் வீரையன் காவலை விட்டுவிட்டு வந்திருந்தான். மண்ணுக்கடியில் எரிவாயு இருக்கும் இடம் தேடும் சர்வேக்காரர்கள் வயலில் துளை போட்டு வெடி வைக்கிறார்கள். அவர்களை இறங்கவிடாமல் தடுக்க ஊரில் வீட்டுக்கு ஒரு நாள் காவல். ஆள் வந்தால் குரல் கொடுக்க வேண்டும், ஊரே திரண்டுவிடும். இன்று அவன் வீட்டு முறை. அம்மா அம்சமோ மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போயிருந்தாள். அவள் உழுவது துரைராசு வீட்டு நிலம், குத்தகைக்கு. அதை விட்டால் அவர்களுக்கு வேறு சோறு இல்லை.

மறுபடி அதே இடம் வந்தது. நிறுத்தினார்கள். வீரையன் இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக்கொண்டான்.

டும்!

யாரும் தொடாத பேஸின் தடித்த தந்தி தானாக அதிர்ந்தது. ஸ்பீக்கர் உறுமியது.

"பேய்டா!" என்று சிரித்தான் காதர்.

வீரையன் சிரிக்கவில்லை. குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தான். இன்னொரு டும், சிமெண்ட் வழியாக முழங்கை வரை ஏறியது.

"மண்ணுக்குள்ளேருந்து வருது..."

ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கினான்.

வாய்க்காலுக்கு அப்பால், அம்சத்தின் வயலில் லாரி நின்றது. மஞ்சள் தொப்பி ஆட்கள். இப்போதுதான் பச்சை பிடித்திருந்த நடவின் மேல் சேறு சிதறிக் கிடந்தது. வரப்பில் குடை பிடித்து நின்றவர் துரைராசுவின் அப்பா; தோளில் கட்சிக்கரைத் துண்டு.

வீரையன் திரும்பினான். பேஸ் இன்னும் கழுத்தில் தொங்கியது.

"ஏன்டா இன்னைக்குப் பார்த்து என்னைக் கூப்பிட்டே?"

துரைராசு தலை நிமிரவில்லை. கிடாரின் குமிழைத் திருகிக்கொண்டே சொன்னான்:

"உன்னைக் கூப்பிட்டு பேஸை ஏத்தி வைக்கச் சொன்னது நான் இல்லடா... அப்பா."