ரஞ்சனி கட்டிய பீமன் வேஷம்

வடக்குப்பட்டு ரஞ்சனி நாலு வருஷம் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வயர் செருகும் லைனில் நின்றாள். ஷிப்டு பஸ்ஸில் போகும்போது பாடுவாள். அவள் பாட ஆரம்பித்தால் டிரைவர் ரேடியோவை அணைத்துவிடுவார். அதே பஸ்ஸில் வந்த செந்தமிழன் ஒருநாள் கேட்டான்: "எங்க கூத்து ஜமாவுல வந்து பாடறியா?" அந்தத் தெருக்கூத்துக் குழுவில் அவன் பீமன் வேஷம் கட்டுகிறவன்.

பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிவந்த ஜமா அது. தலைவர் கன்னியப்பன் முதலில் தயங்கினார். ரஞ்சனி ஒரே ஒரு பாட்டைப் பாடிக்காட்டினாள். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை போகும் குரல். அந்த வருஷமே பாஞ்சாலி வேஷம் அவளுக்கு வந்தது. மூன்றாவது வருஷம் ஊர்க்காரர்கள் பேர் சொல்லி அவளைக் கேட்டார்கள். கம்பெனி வேலையை விட்டாள். ஜமாவில் துரியோதனன் கட்டும் லோகேஷைக் கல்யாணம் செய்துகொண்டாள். எல்லாம் அவள் விரும்பிச் செய்ததுதான்.

திருவிழா பேனரில் அவள் முகம் பெரிதாகவும் லோகேஷ் முகம் ஓரத்திலும் வந்த அன்று அவன் முதல்முறை அடித்தான். அப்புறம் பேனர் தேவைப்படவில்லை. குழம்பில் உப்பு, போன் எடுக்கத் தாமதம், ஒன்றுமே இல்லாதது. முதுகிலும் வயிற்றிலும்தான் அடிப்பான். முகத்தில் வேஷம் போட வேண்டுமே.

ஒரு சித்திரையில், ஒரு மத்தியானம், துரியோதனன் சாகும் கடைசி நாள் கூத்தான படுகளத்துக்கு இரண்டு நாள் முன்னால், அவளைத் தரையில் தள்ளிக் கழுத்தில் காலை வைத்து அழுத்தினான்.

"இது இருந்தாத்தானே பாடுவ?" என்றான்.

பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டியதால் காலை எடுத்தான். மறுநாள் பாடிப் பார்த்தாள். கீழே சரியாக வந்தது. மேலே ஏறியதும் குரல் இரண்டாகப் பிளந்தது. திரும்பத் திரும்ப ஏறிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் பிளந்தது.

படுகளத்தன்று காலை திரௌபதியம்மன் கோயில் வெளியில் நாற்பதடி நீளத்துக்கு மண்ணால் செய்த துரியோதனன் படுத்திருந்தான். அதைச் சுற்றித்தான் பீமனும் துரியோதனனும் ஓடிச் சண்டை போட வேண்டும். ஒன்பது மணிக்குச் செந்தமிழன் போன் செய்தான். நைட் ஷிப்டு முடிந்தும் ஓ.டி. போட்டுவிட்டார்கள், சூப்பர்வைசர் கேட்டைத் தாண்ட விடவில்லை என்றான்.

கன்னியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஊரே கூடிக்கினு கீது. இப்ப பீமனுக்கு எங்க போறது?"

"நான் கட்டறேண்ணா. பாட்டெல்லாம் தெரியும்," என்றாள் ரஞ்சனி.

முகத்துக்குச் சிவப்புப் பூசிக்கொண்டிருந்த லோகேஷ் சிரித்தான். "பொம்பளை அடிச்சு நான் சாவணுமா? சரி, வா."

கிரீடமும் தோள்கட்டைகளும் ஏறியதும் அவள் உயரம் கூடிவிட்டது. கழுத்துக் காயத்தை மாலை மறைத்தது. அடிக்க வேண்டும் என்று அவள் திட்டம் எதுவும் போடவில்லை. பின்னால் போலீஸிலும் அதைத்தான் சொன்னாள்.

மண்ணுருவத்தைச் சுற்றி மூன்று முறை ஓடினார்கள். மத்தளம் வேகமெடுத்தது. துரியோதனன் மல்லாந்து விழுந்தான். அவன் தொடையில் சாயப்பை கட்டியிருக்கும். பீமன் மரக் கதாயுதத்தை ஓங்கி, பையைத் தொடும் அளவுக்கு இறக்க வேண்டும். ரஞ்சனி ஓங்கினாள். கீழே லோகேஷ் அதே சிரிப்போடு கிடந்தான். கதை முழு வேகத்தில் இறங்கியது.

எலும்பு முறிந்த சத்தம் மத்தளத்தில் அமுங்கிவிட்டது. அவன் அலறினான். ஜனங்கள் கை தட்டினார்கள்.

"ரஞ்சனி, வுட்டுடு," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

மறுபடியும் அடித்தாள். இந்த முறை சாயத்தோடு ரத்தமும் வந்தது. மூன்றாவதாக ஓங்கிய கையைக் கன்னியப்பன் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். அவள் வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். தன் கையைப் பார்க்க அவளுக்கே பயமாக இருந்தது.

லோகேஷைத் தண்டலம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விசாரிக்க வந்த எஸ்.ஐ.யிடம் அவன் சொன்னான்: "கூத்துல தவறிப் பட்டுடுச்சி சார்." பெண்டாட்டி அடித்துக் கால் உடைந்தது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கன்னியப்பனும் ரஞ்சனியிடம் அப்படியே சொல்லச் சொன்னார்.

"தவறிப் படல சார். முன்னாடி நெனைக்கல, ஆனா ஓங்கினப்ப தெரிஞ்சுதான் அடிச்சேன்," என்றாள் அவள்.

எஸ்.ஐ. பேனாவை நிறுத்தினார். "அடிபட்டவனே தவறுன்றான். நீ ஏம்மா மாட்டிக்கற?"

"நான் செஞ்சதை எழுதுங்க. இதையும் எழுதுங்க." இன்னும் கழுத்தில் கிடந்த வேஷ மாலையைக் கழற்றிக் காயத்தைக் காட்டினாள்.

இரண்டையும் எழுதினார். இரண்டு கேஸும் இன்னும் நடக்கின்றன. லோகேஷ் கோல் ஊன்றி நடக்கிறான். ரஞ்சனி ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டு தனியாக இருக்கிறாள்.

யாரோ எடுத்த வீடியோ போன் போனாகப் போனது. அடுத்த பங்குனியில் ஒரு ஊரிலிருந்து விழாக் கமிட்டித் தலைவர் அப்பாவு தேடிவந்தார். "பீமனா நீதான் வரணும்மா. துரியோதனன் யாரா இருந்தாலும் சரி."

இரண்டு முறை மாட்டேன் என்றாள். வேறு ஊர்கள் எதுவும் ஜமாவைக் கூப்பிடவில்லை. கன்னியப்பன் வந்து, தேதி எதுவும் எழுதாத ஜமா நோட்டை அவள் முன் விரித்து வைத்தார். மூன்றாம் முறை சரி என்றாள்.

துரியோதனனாக மணிகண்டபிரபு வந்தான். தென்காசிப் பக்கத்துக்காரன், டயர் கம்பெனியில் வேலை. கிரீடம் கட்டும்போது அவளைப் பார்த்தான். "எக்கா, அந்த வீடியோவ நானும் பாத்தேன்."

"பயமா இருக்கா?"

"இருக்குக்கா."

"எனக்கும்தான்."

அன்று களத்தைச் சுற்றிப் போன்களாக உயர்ந்திருந்தன. அவள் ஓங்கிய கதை சாயப்பையில் மெதுவாக இறங்கியது. பை உடைந்து சிவப்பு வழிந்தது.

"டம்மி அடி," என்று ஒருவன் கத்தினான். "நெசமா அடி." பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒரு பாட்டில் பறந்துவந்து அவள் புருவத்தில் பட்டு உடைந்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. இரண்டாவதாக வந்த கல் மத்தளக்காரரின் கையைக் கிழித்தது. மணிகண்டபிரபு பதறி எழுந்தான். அவள் அவன் தோளை அழுத்தினாள்.

"எழுந்திரிக்காத. நீ செத்துட்ட."

கதையைத் தள்ளிப் போட்டுவிட்டு, மண்ணுருவ மேட்டில் ஏறி நின்று பாடத் தொடங்கினாள். உச்சத்துக்குப் போகும் வரி வந்ததும் ஏறவில்லை. கீழேயே நிறுத்தி, முரட்டுக் குரலில் இழுத்தாள். கத்தல் அடங்கவில்லை. அடுத்த கல் தோள்கட்டையில் பட்டுத் தெறித்தது. அவள் விடவில்லை. முன்வரிசைப் பெண்கள் சிலர் எழுந்து படுகளச் சடங்குக்குக் கொண்டுவந்த துடைப்பத்தோடு கல்லெறிந்தவர்கள் பக்கம் போனார்கள். அங்கே ஒருவன் மண்டை உடைந்தது. பாதிக் கூட்டம் கலைந்துபோயிருந்தது. மிச்சப் பேருக்குப் பாட்டைக் கடைசிவரை பாடி முடித்தாள்.

ஆஸ்பத்திரியில் புருவத்துக்கு ஐந்து தையல் போட்டார்கள். வெளியே பெஞ்சில் கன்னியப்பன் உட்கார்ந்திருந்தார்.

"அப்பாவு மறுபடியும் போன் பண்ணாரு," என்றார். "அடுத்த வருசமும் பீமன்தான் வேணுமாம்."

"பாஞ்சாலின்னா வரேன். பீமன்னா ரஞ்சனி இல்லன்னு சொல்லிடுங்கண்ணா."

"கூப்பிட மாட்டாங்கம்மா."

"கூப்பிடற ஊருக்குப் போலாம்."

அந்த வருஷம் ஆடிவரைக்கும் இரண்டே ஊர்கள்தான் கூப்பிட்டன. இரண்டுக்கும் போனாள்.