ஒரே அடி வாங்கிய சதம்

இலங்கையிலிருந்து நாங்கள் கொண்டுவந்த செப்புச் சதக் காசுகளை இங்கே ஒருவரும் சீந்தவில்லை. ஒரு பக்கம் ராசா தலை, மறுபக்கம் பனைமரம். பார்க்க அழகுதான், ஆனால் கச்சால் தீவில் அதைக் கொடுத்து ஒரு தீப்பெட்டி வாங்க முடியாது. போர்ட் பிளேயரிலிருந்து பழைய பித்தளை, செம்பு எடுக்க வரும் பக்தவத்சலம்தான் வழி சொன்னார். செம்பு விலைக்கு எடுத்துக்கொள்வாராம். ஆனால் காசு காசாக இருக்கக் கூடாது, கப்பலில் ஏற்றும்போது கேள்வி வருமாம். ராசா முகமும் மரமும் தெரியாதபடி நாங்களே தட்டித் தகடாக்கித் தர வேண்டும். பேர்தான் பக்தவத்சலம், சுத்தியல் பிடிக்கிற வேலையைக்கூட அடுத்தவன் தலையில் கட்டுகிற ஆள்.

ரப்பர் கன்றுகளுக்கு நடுவே புல் வெட்டிவிட்டுத் திரும்பினால், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகள் முழுக்க டங் டங்கென்று அதே சத்தம். அடுத்த காம்பராவில் நாகமுத்துவும் தட்டினான். அவன் தட்டியதில்தான் வினை வந்தது.

நாகமுத்துவும் அவன் பெண்சாதி சரசுவும் நானும் ஒரே தோட்டத்து ஆட்கள், ஒரே கப்பலில் வந்தவர்கள். அவர்களுக்கு ஒரே பிள்ளை, கண்ணம்மா. ஆறு வயது. தலைமன்னார் தாண்டி வந்து மண்டபம் முகாமில் இருந்தபோது காய்ச்சல் கண்டு போய்விட்டாள். அதே காய்ச்சலில் நாகமுத்து வேறு கொட்டகையில் நினைவில்லாமல் கிடந்தான். பிள்ளை முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. நானும் சரசுவும்தான் குளிப்பாட்டினோம். மூடியிருந்த கையை விரித்தால் உள்ளே ஒரு சதம். மிட்டாய் வாங்கிக்கொள் என்று கப்பல் ஏறும் முன் அப்பன் கொடுத்தது. செலவழிக்காமல் பிடித்துக்கொண்டே போயிருக்கிறாள். அதையே சந்தனம் குழைத்து நெற்றியில் ஒட்டினோம்.

நெற்றிக்காசு குழி வெட்டுகிறவனுக்குச் சேர வேண்டியது. சரசு கொடுக்க மாட்டேன் என்று எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அவன் சண்டைக்கு வந்தான். பெற்றவளிடம் என்னடா வழக்கு என்று திட்டி, என் இடுப்பிலிருந்த பத்துப் பைசாவை அவன் கையில் திணித்தேன். அப்படித்தான் அந்தக் காசு கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தது. கூடவே பிள்ளையும் வந்துவிட்டது.

நான் பேய் பிசாசுக்குப் பயந்தவள் இல்லை. அதற்காகக் கண்ணால் கண்டதை இல்லையென்று சொல்ல முடியுமா? விளக்கு வைக்கும் நேரத்தில் சரசு வீட்டு வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் ஈரத்தில் கால் தடம் விழும். வலது, இடது என்று சின்னச் சின்னதாக. சரசு ஒரு தட்டில் சோறு வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். முதலில் எனக்கு உடம்பு சிலிர்த்தது, பிறகு பழகிவிட்டது. நாகமுத்து மட்டும் கூரை ஒழுகுகிறது என்பான். நெற்றிக்காசு கடுகு டப்பாவில் இருப்பதைச் சரசு அவனிடம் சொல்லவே இல்லை. சொன்னால் பிள்ளை முகம் எப்படி இருந்தது என்று கேட்பார், அதற்கு என்னால் ஆகாது என்பாள்.

சொல்லாததுதான் தப்பாகப் போயிற்று. சரசு புல் வெட்டப் போயிருந்த நேரத்தில், டப்பாவில் ஒற்றைச் சதத்தைக் கண்டவன், இதையும் சேர்ப்போம் என்று சுத்தியலுக்குக் கீழே வைத்துவிட்டான். மதியமே எல்லாவற்றையும் பக்தவத்சலத்திடம் எடை போட்டுக் கொடுத்தும் விட்டான்.

அன்று சாயங்காலம் தரை காய்ந்து கிடந்தது. சரசு சோற்றுத் தட்டைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், எழுந்து போய் டப்பாவைத் திறந்தாள். என் வீட்டுக்கு அவள் குரல் கேட்டது. அழவில்லை.

"புள்ளய வித்துட்டீங்களே" என்றாள்.

பிறகு அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். லயத்தில் சிலர், சனியன் விட்டது என்று நிம்மதியாகப் பேசிக்கொண்டார்கள். அவர்கள் வாயில் மண்ணை அள்ளிப் போடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. பேய் போன வீடு அத்தனை வெறிச்சென்று இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

விடிந்ததும் மூன்று பேரும் கப்பல் அணைகிற ஜெட்டிக்கு ஓடினோம். கப்பல் நின்றிருந்தது. விஷயம் கேட்டதும் பக்தவத்சலத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. கட்டிய சாக்கை அவிழ்த்துப் பலகைமேல் கொட்டினார்; அந்த மட்டில் நல்ல மனுஷன். மேலாகப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிச் செந்தகடு. சரசு ஒவ்வொன்றாக எடுத்து நெற்றியில் ஒற்றிப் பார்த்து, இல்லை, இல்லை என்று ஒதுக்கிக்கொண்டே போனாள். கப்பல் சங்கு ஊதியது.

"ஜல்தி பண்ணுங்கம்மா, ஜகாஜ் நிக்காது" என்றார் அவர்.

நாகமுத்து மண்டி போட்டான். இரண்டு கையாலும் குவியலைக் கலைத்து ஒன்றை எடுத்தான். அதில் ராசா முகம் பாதி நசுங்கி, பாதி அப்படியே இருந்தது.

"இத ஒரே ஒரு அடிதான் அடிச்சேன். அதுக்கு மேல கை ஓங்க வரல. ஏன்னு புரியாமலே பையில போட்டுட்டேன்."

சரசு அதை வாங்கி நெற்றியில் ஒற்றினாள். கண்ணை மூடியபடி, இதுதான் என்று தலையாட்டினாள்.

அன்று சாயங்காலம் நானும் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். மழை பெய்து எத்தனையோ நாளாகியிருந்தது, கூரை ஒழுக வழியில்லை. சோற்றைப் பிசைந்து தட்டில் வைத்தவன் நாகமுத்து. விளக்கு ஏற்றியதும் வாசலில் ஈரம் பட்டது. வந்துட்டா என்று சரசு சிரித்தாள். தடம் மெதுவாக உள்ளே வந்தது, நின்று நின்று வந்தது. அப்போதுதான் கவனித்தேன். விழுந்ததெல்லாம் இடது கால். வலது கால் பட வேண்டிய பக்கத்தில், இழுத்துக்கொண்டு வந்த ஈரக்கோடு மட்டும் நீண்டிருந்தது.

சரசுவின் சிரிப்பு நின்றுவிட்டது. தடம் அவளைத் தாண்டிப் போய் நாகமுத்துவின் முன்னால் நின்றது. அவன் சுத்தியல் பிடித்த தன் கையைப் பார்த்தான். பிறகு அந்த ஈரத்தின் பக்கத்தில் குனிந்தான்.

"வலிக்குதா தாயி?" என்று கேட்டான்.