பித்தம் என்று சொன்னார்கள்

பலராமன் வாந்தி எடுத்த பக்கெட்டைக் கழுவும்போதெல்லாம் கலைவாணிக்குக் குமட்டும். அதைவிட அதிகமாகக் குமட்டியது மாமியார் சின்னப்பாப்பாவின் பேச்சு.

"பித்தம்மா அவனுக்கு. வெயில்ல டைல்ஸ் ஒட்டுறான்ல."

ரெட்டியார்பாளையத்து வீட்டுக்கு அவள் வாழ்க்கைப்பட்டுப் பதினோரு வருஷம். 'குடி' என்ற சொல் ஒருநாளும் அங்கே புழங்கியதில்லை. பல் விளக்குமுன் அவன் குவார்ட்டரைத் திறந்தால் அது உடம்பு வலி. கட்டிய லுங்கியிலேயே மூத்திரம் போனால் அசதி. அவளை அடித்தால் வேலை டென்ஷன்.

வைகாசியில் ஒருநாள் ரத்தமாகவே வாந்தி எடுத்தான். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"குடிப்பாரா?" என்று டாக்டரம்மா கேட்டதும் சின்னப்பாப்பா முந்திக்கொண்டாள். "கல்யாணம், காரியம்னா கொஞ்சம். எல்லா ஆம்பளையும் போலதாம்மா."

டாக்டரம்மா கலைவாணியைப் பார்த்தார். பின்னால் வரிசையில் ஜனம் நின்றது. "ஆமாம்மா" என்றாள் அவள்.

மூன்றாம் நாள் பகலில் அவனுக்குக் கைகால் உதறல் எடுத்தது. போர்வையில் எறும்பு ஊருகிறதென்று அலறி, கையில் ஏறிய ட்ரிப்ஸைப் பிய்த்தெறிந்தான். விரிப்பெல்லாம் ரத்தமும் மலமும். கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள்.

"காத்து சேட்டை. மந்திரிக்கணும்" என்றாள் சின்னப்பாப்பா.

கலைவாணிக்கு அருவருப்பாக இருந்தது. அவன்மேல் மட்டுமில்லை, 'ஆமாம்மா' சொன்ன தன் வாயின்மேலும். நேரே டாக்டரம்மாவிடம் போனாள்.

"பொய் சொல்லிட்டேம்மா. டெய்லி குடிப்பாரு. எழுந்ததுமே குடிப்பாரு. நான் வந்ததுலேர்ந்து அப்படித்தான்."

"மொத நாளே சொல்லியிருக்கணும்மா. திடீர்னு குடி நின்னா இப்படி ஆவும். இது நோய். மருந்து இருக்கு."

நோய். அந்தச் சொல்லும் அவளுக்குப் பிடிக்கவில்லை. நோயென்றால் அடித்ததை மறந்துவிட வேண்டுமா?

ஒரு வாரத்தில் பலராமன் தெளிந்தான். பெரிய மாமா கோவிந்தராசு சாத்துக்குடியோடு பார்க்க வந்தார்.

"என்னப்பா உடம்புக்கு?"

"மஞ்சக்காமாலை" என்றாள் சின்னப்பாப்பா.

"இல்லம்மா. குடி" என்றான் பலராமன், கம்மிய குரலில். "குடிச்சேன் மாமா."

சின்னப்பாப்பா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கலைவாணி கட்டிலருகே வந்தாள்.

"அடிச்சதையும் சொல்லு."

அவன் சுவரைப் பார்த்தான். மாமா தரையைப் பார்த்தார்.

"அடிச்சேன்."

நாலு மாதமாக அவன் குடிக்கவில்லை. வாராவாரம் முத்தியால்பேட்டையில் குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போகிறான். ஆஸ்பத்திரியிலிருந்தே கலைவாணி மூலக்குளத்துத் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்; ஞாயிற்றுக்கிழமை அங்கே அவளைப் பார்க்க வருகிறான். டீ போட்டுக் கொடுக்கிறாள். எட்டியே உட்காருகிறாள். அவளுக்கு அருவருப்பு இன்னும் போகவில்லை. அது போகாமல் அந்த வீட்டுக்குத் திரும்புவதாகவும் இல்லை.