இரண்டு தடவை கழித்த ஏழு

அந்த அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டை விடியற்காலை ஐந்தரைக்குச் சாப்பிட்டார்கள். சுவர்க் கடிகாரம் அப்படித்தான் சொன்னது. வயிறு பன்னிரண்டரை என்று சொல்லிப் பார்த்தது. வயிற்றின் பேச்சுக்கு இனி மதிப்பில்லை என்று சுற்றறிக்கை வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அது கரண்டு ஆபீஸ். பல நாடுகளுக்குக் கம்பி இழுத்திருக்கும் பெரிய கம்பெனிக்குக் கடல் தாண்டிக் கிழக்கே ஒரு நாட்டில் இருந்த சின்னக் கிளை. ஆளுக்கொரு நேரம் பேசினால், இங்கே ஒருவன் கம்பியை அணைக்கும்போது அங்கே ஒருவன் ஏற்றிவிடுவான். அதனால் எல்லா உத்தரவும் உலகப் பொது நேரத்தில்தான் இருக்க வேண்டும் என்றது தலைமையகம். நியாயமான பேச்சு. நம் கடிகாரத்திலிருந்து ஏழு மணி நேரத்தைக் கழித்தால் உலக நேரம். கழித்தாகிவிட்டது என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தில் ‘இசட்’ என்று ஓர் எழுத்து. அவ்வளவுதான் சங்கதி.

நியாயமான பேச்சை அப்படியே விட்டுவைத்தால் இயக்குநர் என்று ஒருவர் எதற்கு?

அலுவலகத்தில் அவருக்குச் சூரியனார் என்று பெயர். பொழுது எப்போது விடிய வேண்டும் என்பதை அவரே தீர்மானிப்பதால் வைத்தது. அவர் தலைமையகத்தையும் ஒரு படி தாண்டினார். உள்ளூர் நேரம் காட்டிய கடிகாரங்களை எல்லாம் கழற்றிக் கிடங்கில் போடச் சொன்னார். பிறகு அந்த ‘இசட்’டின் மேல் கண் விழுந்தது. “இந்தக் கட்டடத்துல இருக்கிறதே ஒரு நேரம்தான். அதுக்கு எதுக்கு அடையாளம்? பெண்டாட்டி ஒருத்திதான்னா, ‘இவங்க என் முதல் சம்சாரம்’னா அறிமுகப்படுத்துவீங்க?” என்று கூட்டத்தில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பும் சம்பளத்தில் சேர்த்திதான்.

அன்றிலிருந்து எழுத்து போயிற்று. வெறும் எண் மட்டும் நின்றது. அது கழித்த எண்ணா கழிக்காத எண்ணா என்பது எழுதியவருக்கும் எண்ணுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

அட்டவணையக்கா இதற்கெல்லாம் முணுமுணுக்கவில்லை. எந்தத் தெருவில் எப்போது மின்தடை என்று அட்டவணை போடுவது அவள் வேலை. ஏழு என்ன, எழுபதைக் கழிக்கச் சொன்னாலும் கழித்துவிட்டுப் போகிற ஆள். அவளுக்கு வீட்டில் வேறு கவலை இருந்தது.

புருஷனுக்கு நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாயோடு படுக்கையில் இருந்தார். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ராப்பகலாக உறுமிக்கொண்டிருக்கும். அதற்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி. “எந்நேரமும் அவ பக்கத்துலதான் படுத்துக் கிடக்கீங்க” என்பாள். “அவ கரண்டை மட்டும்தான் தின்கிறா… நீ என் உயிரையே…” என்பார் அவர், மூச்சு வாங்கி வாங்கி. ஒரு கேலியை முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. ஆனாலும் விடமாட்டார்.

சக்களத்தியை ஓட்ட பேட்டரி கிடையாது; கரண்டு போனால் அலறுவதற்கு மட்டும் ஒரு குட்டி பேட்டரி. கரண்டு நின்றால் அவளும் நிற்பாள். அதற்காக மூலையில் ஒரு சிலிண்டர் இருந்தது. அது காலியாகிவிட்டதால், நிரப்பிக் கொண்டுவர அன்று காலையில்தான் கடைக்காரன் வண்டியில் ஏற்றிப் போனான். சாயங்காலம் தருவதாகச் சொன்னான். கொடுத்தனுப்பலாமா என்று நாத்தனார் தயங்கியபோது தைரியம் சொன்னவள் அட்டவணையக்காதான்.

“நம்ம லைன்ல இன்னிக்கு ராத்திரி ஒன்பதுக்குத்தான் கரண்டு போகும். அட்டவணை போட்டவளே சொல்றேன், அனுப்பு.”

ஒன்பது மணி, இருபத்தொன்று. அதில் ஏழு போனால் பதினாலு. பதினாலு என்று அழகாக எழுதி, கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பியிருந்தாள்.

சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு நடைவழியில் வரும்போதுதான் பலகையைப் பார்த்தாள். ‘இன்றைய பணி: ஆறாம் லைன். 07:00.’

ஏழா? பதினாலு அல்லவா எழுதினோம்? நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு இருபத்தைந்து. கைப்பைக்குள் ஒளித்து வைத்திருந்த தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று இருபத்தைந்து. உலகத்துக்கு ஏழு மணி என்றால் இவள் வீட்டுக்கு மத்தியானம் இரண்டு. சாப்பாட்டுப் பாத்திரம் கையிலிருந்து நழுவி உருண்டு ஓடியது. அதை எடுக்க அவள் குனியவில்லை.

கட்டுப்பாட்டு அறையில் இருந்தவனுக்கு விதிமுறை என்று பெயர். விதிமுறை இல்லாமல் தும்மமாட்டான் என்பதால் வந்தது.

“தம்பி, ஆறாம் லைனுக்குப் பதினாலுன்னு எழுதியிருந்தேனே, ஏழு எங்கேர்ந்து வந்துச்சு?”

“கழிச்சேங்கா.”

“நான்தான் கழிச்சிட்டேனே!”

“நீங்களும் கழிச்சீங்களா?” அவன் முகம் வெளுத்தது. “பக்கத்துல ஒண்ணும் போடலையேக்கா. போன வாரம் ஒண்ணைக் கழிக்காம விட்டுட்டேன்னு சார் எல்லார் முன்னாடியும் நாயே பேயேன்னு திட்டினாரு. அதான் இப்ப எது வந்தாலும் கழிச்சிடறேன்.”

“சரி, நிறுத்து. என் வீடு அந்த லைன்ல இருக்கு. அவர் மெஷின்ல இருக்காரு, சிலிண்டர் கடைக்குப் போயிருக்கு. நிறுத்துப்பா.”

“உத்தரவு போயிடுச்சுக்கா. ரத்துன்னா இயக்குநர் கையெழுத்து வேணும்.” விதிமுறைப் புத்தகத்தைக் கேடயம் போல மார்போடு அணைத்துக்கொண்டான். “எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்குக்கா.”

அவனிடம் பேசி நேரத்தைத் தொலைக்க அவளுக்கு நேரமில்லை. ஓடிக்கொண்டே வீட்டுக்குப் போன் போட்டாள். நாத்தனார் எடுத்தாள்.

“சிலிண்டர் வந்துச்சா?”

“சாயங்காலம்னுதானே அண்ணி சொன்னான்? ஏன், குரல் ஏன் இப்படி இருக்கு?”

“கரண்டு இப்பவே போனாலும் போயிடும். கடைக்காரனைக் கூப்பிடு. ஆம்புலன்சையும் கூப்பிடு.”

கடைக்காரன் ஊரின் அந்தக் கோடியில் இருந்தான். வண்டி திரும்பவே ஒரு மணி நேரம் ஆகும் என்றான். ஆம்புலன்ஸ்காரர்கள் பெயர், வயது, நோய் எல்லாம் கேட்டுக்கொண்டு, வருவோம் என்றார்கள். எப்போது என்று கேட்டதற்கு மறுபடியும் பெயர் கேட்டார்கள்.

கூட்ட அறையில் சூரியனார் முழு உச்சியில் இருந்தார். எதிரே பெரிய திரையில் தலைமையகத்து முகங்கள் வரிசையாகத் தெரிந்தன. “ஒரே உலகம், ஒரே நேரம்! இந்த ஒரு மாதத்தில் எங்கள் கிளையில் நேரப் பிழை பூஜ்யம்!” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது அட்டவணையக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சூரியனார் ஒலிவாங்கியை அமுக்கிவிட்டு, சிரிப்பை மட்டும் திரைக்கு விட்டுவைத்தார்.

“சார், ஆறாம் லைன் உத்தரவு தப்பா போயிருக்கு. ரெண்டு மணிக்குக் கரண்டு போகப் போகுது.”

“எந்த ரெண்டு மணி?” அவர் சிரித்த முகத்தோடு பல்லுக்கிடையில் கேட்டார். “ரெண்டு மணின்னு ஒண்ணு இந்தக் கட்டடத்துல கிடையாதும்மா.”

“ஏழு சார். உங்க ஏழு. ரெண்டு பேர் கழிச்சிட்டோம். என் வீட்டுக்காரர் ஆக்சிஜன் மெஷின்ல இருக்காரு. கரண்டு போனா…”

“வீட்டு விஷயமா? மனு எழுதிக் குடுங்க. அனுதாபத்தோட பரிசீலிக்கிறேன்.”

“மனு எழுதற நேரத்துல மூச்சு நின்னுடும் சார்!”

“மெதுவா. தலைமையகம் பார்த்துட்டு இருக்கு. பிழை பூஜ்யம்னு இப்பத்தான் சொல்லியிருக்கேன்.”

அவள் அவரைப் பார்த்தாள். அவர் காலில் விழலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். விழுந்தால், அது திரையில் தெரியாத கோணமா என்றுதான் அவர் பார்ப்பார் என்று அடுத்த கணம் புரிந்தது. இந்த மனிதரிடம் மனுஷ உயிரைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவருக்கு உயிர் எங்கே இருக்கிறதோ அங்கே கை வைக்க வேண்டும்.

“சரி சார். நான் போறேன். இந்தக் கட்டடமும் ஆறாம் லைன்தான். இன்னும் பத்து நிமிஷத்துல இந்தத் திரை இருட்டாயிடும். அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

பச்சைப் பொய். அந்தக் கட்டடத்துக்குத் தனி லைன்.

சூரியனாரின் சிரிப்பு அஸ்தமித்தது. “இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? கொடுங்க காகிதத்தை!” மேசையிலிருந்து அவள் எடுத்து நீட்டியதைப் பிடுங்கினார். ‘ஆறாம் லைன் மின்தடை ரத்து’ என்று கிறுக்கினார். நேரம் போட வேண்டும். மேல்சட்டைக் கையை லேசாக நகர்த்தி, உள்ளே எட்டிப் பார்த்து, 13:50 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

உள்ளே ஒரு கைக்கடிகாரம் இருந்தது. உள்ளூர் நேரம் காட்டிக்கொண்டிருந்தது. அதை ரசிக்க அவளுக்கு அவகாசம் இல்லை.

விதிமுறை காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தான்.

“பதிமூணு அம்பதுன்னு இருக்கேக்கா. உலக நேரம் பதிமூணு அம்பதுன்னா நமக்கு ராத்திரி எட்டு அம்பது. அதுவரைக்கும் பழைய உத்தரவுதான் செல்லும்.”

“டேய், அந்த ஆள் தன் கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருக்கான்டா!”

“சாரை அவன் இவன்னு பேசாதீங்க. திருத்தம் வேணும்னா சார்தான் திருத்தி, பக்கத்துல சுருக்கொப்பம் போடணும். விதி அப்படித்தான்.”

அட்டவணையக்கா அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினாள். பதிமூன்றை அடித்தாள். ஆறு என்று எழுதினாள். பக்கத்தில் சூரியனாரின் சுருக்கொப்பத்தை, வருஷக்கணக்காக அவள் கண் பார்த்துப் புளித்துப்போன அந்த வாலை, ஒரே இழுப்பில் போட்டாள். அவன் கண்ணெதிரில்தான் போட்டாள். அவன் காகிதத்தைப் பார்த்தான். திருத்தம் இருக்கிறது, சுருக்கொப்பம் இருக்கிறது. யார் போட வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. போடும்போது பார்த்தவன் என்ன செய்ய வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. அவன் முகத்தில் நிம்மதி படர்ந்தது. ஒயர்லெஸ்ஸை எடுத்தான்.

“ஆறாம் லைன், வேலை ரத்து. அணைக்காதீங்க.”

கரகரத்துப் பதில் வந்தது. “என்னது? அணைச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சே! உங்க ஆபீஸ் கடிகாரத்தை எவன்யா நம்பறது? மழை வர்ற மாதிரி இருந்துச்சு, முன்னாடியே அணைச்சிட்டோம். ஆள் மேலே ஏறிட்டான்.”

அவள் கையில் போன் அடித்தது.

“அண்ணி, கரண்டு போயிடுச்சு! மறுபடியும் ஆம்புலன்சுக்குப் பேசிட்டுக் கூப்பிடறேன்!” நாத்தனாரின் குரலுக்குப் பின்னால் சக்களத்தி ஒற்றைக் குரலில் கத்திக்கொண்டிருந்தாள். “அண்ணனுக்கு உதடெல்லாம் என்னமோ மாதிரி ஆகுது!”

“நிமித்தி உக்கார வை. முன்னாடி தலகாணி வச்சு சாய்ச்சுக்கோ. ஜன்னலைத் திற. போனை அவர் காதுல வை.”

இங்கே விதிமுறை ஒயர்லெஸ்ஸில் கத்தினான். “உடனே லைனை ஏத்துங்க!” அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கம்பத்தின் மேல் ஒருவன் இருக்கிறான். அவன் இறங்கி, தப்பி வரும் கரண்டை மண்ணுக்கு இறக்கக் கம்பியில் மாட்டிய மண்கம்பியைக் கழற்றி, எல்லாரும் தள்ளி நின்ற பிறகுதான் ஏற்ற வேண்டும். அவசரப்படுத்தினால் இன்னொரு வீட்டில் ஒருத்தி போனைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இத்தனை வருஷ வேலையில் அவளுக்குத் தெரிந்த ஒரே பாடம் அது.

“இறங்கச் சொல்லு,” என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. “பார்த்து இறங்கச் சொல்லு.”

போனில் அவர் மூச்சு கேட்டது. ரம்பம் அறுக்கிற மாதிரி.

“என்னங்க, நான்தான். உதட்டைக் குவிச்சு ஊதுங்க. சூடான எதையோ ஆத்தற மாதிரி. மெதுவா… நான் எண்ணறேன். ஒண்ணு… ரெண்டு… இப்ப மூக்கால இழுங்க… மறுபடியும் ஊதுங்க… ஒண்ணு… ரெண்டு…”

ஒயர்லெஸ்ஸில், “பாதி இறங்கிட்டான்” என்றது குரல். அவள் எண்ணினாள். “கீழே வந்துட்டான்.” எண்ணினாள். “மண்கம்பி ஒண்ணு கழட்டியாச்சு.” ரம்பத்தின் இழுப்பு குறுகிக்கொண்டே வந்தது. நடுவில் ஓர் இழுப்பு வரவே இல்லை. “ஊதுங்க!” என்று அவள் போட்ட கத்தலில் விதிமுறையும் சேர்ந்து ஊதினான். அப்புறம் ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று.

“எல்லாரும் தள்ளி நின்னாச்சு. ஏத்தறோம்.”

சக்களத்தியின் கத்தல் நின்றது. உறுமல் கேட்டது. அட்டவணையக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்து போனில் ஒரு குரல் வந்தது, நூல் மாதிரி.

“இவ… உன்னை மாதிரி இல்லை… சொல்லாமப் போயிட்டா… ஆனா… திரும்பி வந்துட்டா.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கதவில் சூரியனார் நின்றார். “இங்கே விளக்கே அணையலையே!” என்றார், அணையாததற்கு வருத்தப்படுகிறவர் போல. பிறகு மேசையில் கிடந்த காகிதத்தை எடுத்தார். தன் சுருக்கொப்பத்தைத் தானே போடாமல் பார்ப்பது அவருக்கு முதல் தடவை. “நாளை விசாரணை. பத்து மணிக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். எந்தப் பத்து என்று கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

அவள் வீட்டுக்கு வந்தபோது ஆம்புலன்ஸ்காரர்கள் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வெளுத்த முகம், ஆனால் மார்பு ஏறி இறங்கியது. சிலிண்டர் வந்து மூலையில் நின்றது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்த நேரம் அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. ‘ஒத்திவைக்கப்பட்ட ஆறாம் லைன் பணி நாளை நடைபெறும். 13:00.’

பக்கத்தில் எழுத்து எதுவும் இல்லை.

அவள் ஒரு தடவை கூட்டிப் பார்த்தாள். ராத்திரி எட்டு. கூட்டாமல் பார்த்தாள். மத்தியானம் ஒன்று. அதிலிருந்து விதிமுறை இன்னொரு தடவை கழித்துவிட்டால் என்று பார்த்தாள். விடிகாலை ஆறு.

“எப்ப அண்ணி கரண்டு போகும்?” என்று நாத்தனார் கேட்டாள்.

அட்டவணை போடுகிறவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து போய்ச் சிலிண்டரை இரண்டு கையாலும் பிடித்து, தரையில் கீறல் விழ இழுத்துக்கொண்டு வந்து கட்டிலோடு ஒட்டி நிறுத்தினாள். குழாயை மாட்டி, திறந்து, கையில் காற்று படுகிறதா என்று பார்த்து மூடினாள்.

“தெரியாது,” என்றாள். “நீ படு. நான் உக்காந்திருக்கேன்.”