ஆறு கைப்பிடி

பித்தளைக் கைப்பிடியைப் பிடித்து வெர்னா இழுத்துப் பார்த்தாள். அப்பாவின் சவப்பெட்டி அசையவில்லை.

"ஆறு பேர் இல்லாம முடியாதும்மா," என்றார் அடக்கக்காரர். "என் ஆளுங்க எல்லாம் பசிபிக்ல சண்டை போடுறாங்க. மிச்சம் நானும் தோட்டக்காரனும்தான். அவனுக்குக் குடலிறக்கம்."

கல்லறைக்குச் செங்குத்தாகப் புல்சரிவு. எங்கே கீழே போட்டுவிடுவார்களோ என்று வெர்னா சரிவையே பார்த்தாள். சினிமா ஸ்டுடியோவில் நடனத் தளங்களுக்குப் பலகை அறுத்து, மரத்தூளிலேயே நுரையீரலைத் தொலைத்தவர் அப்பா. எத்தனையோ மாதம் இருமினார். நேற்று விடியலில் இருமல் நின்றதும் அவள் முதலில் ஜன்னலைத்தான் திறந்தாள். அதை ஓப்பல் அத்தையிடம் சொல்லவில்லை.

ஸ்டுடியோ பஸ் வந்து நின்றது. அவளோடு நடன வரிசையில் ஆடும் பெண்கள் ஐந்து பேர் இறங்கினார்கள். மாலுமித் தொப்பி, குட்டைப் பாவாடை, ரத்தச் சிவப்பில் உதடு.

அத்தை பொங்கினாள். "சாவுக்கு வந்தீங்களா, சர்க்கஸுக்கா?"

"சாப்பாட்டு நேரத்துல ஓடி வந்தோம் மேடம்," என்றாள் மேவிஸ். "சிப்பாய்ங்களைக் குஷிப்படுத்துற படமாம். அழக்கூட முடியாது, மை கரைஞ்சா மேக்கப்காரன் கொன்னுடுவான். தூக்க ஆளில்லையா வெர்னா? உன்னோட சேர்த்து ஆறு."

"பொம்பளைங்களா தூக்குறது?" என்றாள் அத்தை.

"தினம் இந்த இர்மாவையே தூக்குறேன். பெட்டி என்ன பெட்டி!"

"போடி," என்றாள் இர்மா.

ஆட்டம் தொடங்க எண்ணுவதுபோலவே மேவிஸ் முணுமுணுத்தாள். "அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு." பெட்டி எழுந்தது. ஆறு இடது கால்கள் ஒன்றாக இறங்கின. சரிவில் பெட்டி குலுங்காமல் போனது.

ஆனால் எண்ணிக்கை விழுந்ததும், பழகிய பழக்கத்தில், ஆறு முகத்திலும் சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. பல் தெரிய, காது வரைக்கும்.

"சிரிக்கிறாளுங்க! கடவுளே, சிரிக்கிறாளுங்க!" என்று அத்தை பின்னாலேயே ஓடி வந்தாள்.

"வாயை மூடுங்கடி," என்றாள் மேவிஸ், சிரித்தபடியே.

மூட முடியவில்லை. வெர்னாவும் உதட்டை இழுத்து மூடப் பார்த்தாள். கொஞ்ச தூரம் போனதும் விட்டுவிட்டாள்.

குழிக்கு மேலே கட்டியிருந்த பட்டைகளில் பெட்டி ஓசையில்லாமல் உட்கார்ந்தது. அடக்கக்காரர் தொப்பியால் நெற்றியைத் துடைத்தார். பாதிரியார் ஜெபத்தை முடிக்கவும் பஸ் ஹாரன் அடிக்கவும் சரியாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை காபி போட்டாள். ரேஷன் காபி, கடைசித் தூள். இரண்டு கோப்பையோடு அறைக்குள் வந்தாள், திட்டுவதற்கு வாயைத் திறந்தபடி.

அப்பாவின் கட்டிலில், காலில் ஷூவோடு, வெர்னா தூங்கிப் போயிருந்தாள்.

அத்தை சுவரோரம் நின்று தன் காபியைக் குடித்தாள். பிறகு, ஆறிவிடும் முன்னே, வெர்னாவுடையதையும்.